கோணல் பீடி

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்று வளர்த்தது மூன்று. மகள் போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தால் ஐந்து. ஒன்றும் சோடை போகவில்லை. அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

மகள் காய்ச்சலில் போய் ஆறேழு வருஷம் இருக்கும். மருமகன் அதற்கும் முன்பே போய்விட்டார். காரியம் முடிந்து வெளியூரில் பிழைக்கும் மற்ற இரண்டு பிள்ளைகளும் சொந்தக்காரர்களும் பஸ் ஏறியதும் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான் நான், எழுந்திருக்கவே இல்லை. பேத்திகள் அடுத்த வீட்டில் சாப்பிட்டார்கள். மருமகனின் தம்பி திசையன்விளையிலிருந்து வந்து பார்த்தார்.

"அத்தை, நீங்க இப்படிக் கெடந்தா பிள்ளைகள யாரு பாக்கது? ஞாயித்துக்கிழம வாரேன். ஹாஸ்டல்ல சேத்துருவோம்."

அவர் மேல் தப்பில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் எதிர்வீட்டுக்காரி பீடித்தட்டோடு வந்து உட்கார்ந்தாள். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர்.

"எங்க வீட்ல கரண்டு இல்லக்கா. இங்கன இருந்து சுத்திக்கிடுதோம்."

என் வீட்டு ஃபேனும்தான் ஓடவில்லை. கண்ணை மூடிக் கிடந்தாலும் காது கேட்டது.

"ஏட்டி, இது பீடியா, முருங்கைக்காயா?"

"நல்லாத்தானட்டி இருக்கு."

"கடைக்காரன் கழிச்சி மூஞ்சில எறிவான்."

"எறியட்டும். அக்கா மாதிரி சுத்த இந்தத் தெருவுல இனி யாரு இருக்கா?"

திரும்பிப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரி சுற்றியது அத்தனையும் கோணல். நூல் தளர்ந்து தூள் சிந்துகிறது. எனக்குப் பொறுக்கவில்லை.

"கொண்டா இங்கன, கைகெட்டவளே" என்று எழுந்து தட்டைப் பிடுங்கினேன். எல்லாவற்றையும் பிரித்துச் சுற்றினேன். சுற்றச் சுற்றப் பசித்தது. சோறு கேட்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது எனக்குத் தெரியும். வாழ வந்த நாளிலிருந்து பீடி சுற்றும் கை அவளுடையது. வேண்டுமென்றேதான் கோணலாகச் சுற்றியிருக்கிறாள். அது புத்தியில் பட எனக்கு ரெண்டு மாசம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது சின்னவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளைக எங்கிட்டதான் இருக்கும் தம்பி. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

அவருக்கும் முகம் தெளிந்தது.

துக்கம் ஒன்றும் போய்விடவில்லை. அதைச் சுமந்துகொண்டே எழுந்து உட்கார முடிந்தது, அவ்வளவுதான். அந்த மூன்று பேருக்கும் நன்றி என்று நான் வாயால் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். அதனால்தான் எழுத்துக்கூட்டி எழுதி வைக்கிறேன்.

ஏட்டி மூத்தவளே, இங்க வா. இதை வாசி. பைய வேண்டாம், சத்தமாவே வாசி. எதிர்வீட்டுல மூணு பேரும் சுத்திக்கிட்டுதான் இருக்காளுவ, கேக்கட்டும்.