மூன்று முறை இறைத்த குழி

மலேசியாவில், பெராக் ஆற்றுக்கு அப்பால் எங்கள் குட்டி சுல்தானகத்தின் அரச மயானத்தில் குழி வெட்டுகிறவர் டெருஸ். மூன்று சுல்தான்களைப் புதைத்தவர். அரண்மனைக்குள் அவரை ஒருநாளும் யாரும் கூப்பிட்டதில்லை.

நான்காமவர் ஒரு திங்கட்கிழமை காலையில் இறந்தார். எங்களில் ஒருவன் செத்தால் அன்றைக்கே அடக்கம். சுல்தானுக்கு அப்படியில்லை. புதியவர் அரியணையில் உட்கார்ந்து, முரசு ஒலித்த பிறகுதான் பழையவர் மண்ணுக்குப் போகலாம். இந்த முறை உட்கார அவருடைய இரண்டு மகன்கள் துடித்தார்கள். மூத்தவரின் தாய் சாதாரணக் குடும்பம், இளையவரின் தாய் ராஜவம்சம். வயதா ரத்தமா என்று பிரபுக்கள் வியாழன் வரை கத்தினார்கள். அவர்களுக்கு வேளை தவறாமல் மாட்டிறைச்சி ரெண்டாங் கறி போயிற்று. தகப்பன் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே கிடந்தார்.

மழைக்காலம். வெட்டிய குழியில் தண்ணீர் நிறைந்தது. டெருஸ் வாளியால் மூன்று முறை இறைத்தார்.

வியாழன் மதியம் அரண்மனை அதிகாரி குடையோடு வந்தார்.

"இளையவருன்னு முடிவாயிடுச்சு. குழி தயாரா?"

"திங்கக்கெழமையே தயார், டத்தோ. உங்க ஆளுங்கதான் தயாராகலை."

"வாய மூடிட்டு வேலையப் பாரு. உன் வீட்டுல அண்ணன் தம்பி சண்டையே வந்ததில்லையா?"

டெருஸ் வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"எங்கப்பாவுக்கும் இதே வேலைதான். அவர் போனப்ப நாங்க அஞ்சு பேரு, மண்வெட்டி ஒண்ணு. அது எனக்குத்தான்னு ஒருத்தனும் கேக்கலை, டத்தோ. பொழுது சாயறதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டோம்."