சி பிளாக்கில் பயம்

ஹுஸ்னா, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அத்தாவின் நாசி கண்டார் சோற்றுக்கடை மாடியில் வளர்ந்தவள். புள்ளியியல் படித்துவிட்டுத் தாசேக் கெலுகோர் பக்கத்துச் சிறார் தடுப்பு இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அடிதடி, தண்டனையாகத் தனியறையில் பூட்டுவது எல்லாவற்றையும் மாதாமாதம் கணக்கெடுத்து, மற்ற இல்லங்களோடு ஒப்பிட்டுச் சொல்வது அவள் வேலை. அவ்வப்போது பெயர் கேட்காமல் பையன்களின் கருத்தையும் வாங்குவாள்.

அந்த முறை வந்த பதில்கள் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. சி பிளாக் என்ற விடுதிக் கட்டடத்தில் கணக்குப்படி சண்டை பாதியாகக் குறைந்திருந்தது. அதன் வார்டன் புவனேஸ்வரனுக்குப் பாராட்டுகூட முடிவாகியிருந்தது. ஆனால் அடிபடுவோம் என்று பயப்படுகிறாயா என்ற கேள்விக்கு அதே பிளாக்கில் முக்கால்வாசிப் பேர் ஆமாம் என்றிருந்தார்கள். தனியறைக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் புரிந்தது. யாராவது முறையிட்டால் அடித்தவனை மட்டுமல்ல, அடிபட்டவனையும் தனியறையில் பூட்டியிருந்தார்கள். அப்புறம் எவன் வாய் திறப்பான்?

விஷயம் கசிந்து, புவனேஸ்வரன் அவளை வராந்தாவில் மறித்தார்.

"என்னம்மா, என்னை மாட்டிவிடப் போறியாமே?"

"இல்லண்ணே. பையனுங்க அடி வாங்கிட்டு வாயைப் பொத்திக்கிறானுங்க. அதைத்தான் சொல்லப் போறேன்."

"ரெண்டு பேரையும் பூட்டினாதான் பிளாக் அடங்கும்லா. நீ உள்ள டியூட்டி பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை.

கூட்டத்தில் இயக்குநர் ஹபீப் முகம்மது அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அடுத்த வாரம் தலைமையகத்துலேர்ந்து வராங்க. இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துடும்மா."

ஹுஸ்னா தனியறைக் கணக்கை அவர் முன் நகர்த்தினாள். "எடுத்துடலாம் சார். நாளைக்கு ஒருத்தனுக்கு ஏதாவது ஆனா, அவனுங்க சொல்லியும் நாம மறைச்சோம்னு ஆயிடும்."

ஹபீப் அறிக்கையை மறுபடி புரட்டினார். கடைசியில், "டாக்டரைக் கூப்பிடுங்க. சி பிளாக்ல ஒருத்தன் விடாம எல்லாரையும் பாக்கட்டும்" என்றார்.

டாக்டர் முன் பையன்கள் சட்டைகளைக் கழற்றியபோது முதுகுகளில் கன்றிய தழும்புகள் தெரிந்தன. ஒருவனுக்கு விலா எலும்பு விரிசல் விட்டிருந்தது. புவனேஸ்வரன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்டகூடச் சொல்லலையே."

அடிபட்டவனைப் பூட்டுவது அன்றோடு நின்றது. பையன்கள் முறையிடத் தொடங்கியதும் சண்டைக் கணக்கு எகிறியது. ஒப்பீட்டில் இல்லம் கடைசி இடத்துக்குப் போய், ஹபீப் தலைமையகத்தில் திட்டு வாங்கினார். ஆனால் அடுத்த கருத்துக் கணிப்பில் பயம் பாதியாக இறங்கியிருந்தது.

அதுவரை அவளிடம் முகம் கொடுத்துப் பேசாத புவனேஸ்வரன் அன்று அவள் அறை வாசலில் வந்து நின்றார்.

"மிச்சம் உள்ளவனுங்க எந்த நேரத்துலம்மா பயப்படுறானுங்க?"

"குளிக்கப் போறப்பன்னு எழுதியிருக்கானுங்கண்ணே."

மறுநாள் காலை முதல் குளியலறை வாசலில் அவரே போய் நின்றார்.