லேடாங் மலைக் காற்று

மலாக்காவின் காஜா பேராங்கில், ஒரு வீட்டு முன் லாரியை நிறுத்தி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்கிறேன். வீட்டுக்காரர் ஆறுமுகம், தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்கா செட்டி. போருக்கு முன் விமானம் ஓட்டியவர். கூரைக்கடியில் நீண்ட மரச் சிறகுகளைக் காட்டுகிறார். எஞ்சின் இல்லாத கிளைடர்.

"லேடாங் மலையத் தாண்டுற அங்கின், காத்து, இந்தப் பக்கம் அலையா எழும்பும். அதுல ஏறினா மேகத்துக்கும் மேல போவலாம்," என்கிறார் மலாய் கலந்த தமிழில். மேலே மூச்சு விட ஆக்சிஜன் சிலிண்டர்கூடத் தயார். கயிறு கட்டி இழுத்து மேலே ஏற்றத்தான் வண்டி இல்லை.

"ஜப்பான்காரன் பிடிச்சா தலைய வெட்டுவான், அண்ணே."

"வெட்டட்டும். என் விமானத்துக்கு இருந்த பெட்ரோல எடுத்துட்டான். அங்கினையும் அவன்கிட்ட கேட்டா வாங்கணும்? ஒரு நாளாவது அவன் தலைக்கு மேல நான் இருக்கணும், தம்பி."

வாசலில் ராணுவ வண்டி ஊர்ந்து போகிறது. அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"மலையடிவாரத்துல, தங்காக் பக்கம் ஆளில்லாத நேர் ரோடு ஒண்ணு தெரியும்," என்கிறேன். "கயிறு எவ்வளவு நீளம் வேணும்?"