சறுக்கிய சுரம்

போத்தனூரில் ராக் அண்ட் ரோலை முதன்முதலில் கிட்டாரில் வாசித்துக் காட்டியவர் அவர்தான். ரயில்வே பட்டறையில் வேலை. பாட்டு உச்சத்துக்குப் போகும்போது ஒரு சுரத்தைச் சறுக்கவிட்டுப் பிடிப்பார், உடம்பு சிலிர்க்கும். கோவையில் கல்யாண ஆர்கெஸ்ட்ராக்களில் வாசித்த நாங்கள் எல்லோருமே அதைக் காப்பியடித்தோம். அவரிடம் மட்டும் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. என்ன வீம்போ எங்களுக்கு!

அவர் இறந்த முப்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும், அவர் வீட்டு முற்றத்தில் நாங்கள் ஒவ்வொருவராக வாசித்தோம். எல்லோரும் அதே இடத்தில் சறுக்கினோம். அவர் மனைவி திகைத்துப்போய்ச் சொன்னார்:

"ஏனுங்க, பட்டறையில வெரல் நசுங்குனதுல இருந்து அவருக்கு அந்த எடம் சரியா வராதுங்க. அது உங்களுக்கெல்லாம் தெரிஞ்சுபோடுமோன்னு சாகற வரைக்கும் வெக்கப்பட்டுட்டே இருந்தாருங்க."