எலி என்று நான் எழுதிய மெயில்

குட்மேய்ஸில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், ஓடைக்கரையில் கவுன்சில் வாடகைக்கு விட்ட ஒரு துண்டுத் தோட்டம் எனக்கு இருக்கிறது. போன வைகாசியில் அங்கே வைத்த லீக்ஸ் பயிரை ஏதோ அடியோடு கடித்துப் போட்டது. கரையில் பொந்துகள். எலிதான் என்று கவுன்சிலுக்கு இங்கிலீஷில் "ராட்" என மெயில் போட்டேன். செவ்வாய்க்கிழமை காலை மருந்து வைக்க ஆள் வருமென்று பதில் வந்தது.

செவ்வாய் காலை தேத்தண்ணி குடிக்கும்போதுதான், பொந்தடியில் நான் போனில் எடுத்த படத்தை மகள் பார்த்தாள்.

"அப்பா, இது ராட் மாதிரித் தெரியேல்லை. காது ரோமத்துக்குள்ளை மறைஞ்சு கிடக்கு. இது வோல். தண்ணிக்குள்ளை திரியிறது. இதைக் கொல்லக்கூடாது, சட்டம் இருக்கு."

"எங்களுக்கு எல்லாம் எலிதானே, பிள்ளை."

"நீங்கள் மெயிலை இங்கிலீஷிலை எல்லோ எழுதினனீங்கள்."

தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். மருந்துக்காரர் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். படத்தைக் காட்டினேன். வால் தெரியவில்லையே என்றார். ராட்டின் வால் மொட்டை, மற்றதற்கு வாலிலும் ரோமம் இருக்கும். அந்த வாலைக் கண்ணால் கண்டால் மருந்து வைக்காமல் போய்விடுகிறேன், ஆனால் இருபது நிமிடம்தான் நிற்பேன் என்றார். கரையில் குந்தினேன்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, எலிக்கும் குரோய்டனிலை அகதிக் கேஸோ?"

"ஓம் அண்ணை. அடையாளம் காட்டாட்டி இண்டைக்கே முடிஞ்சுது."

அவர் சிரிக்கவில்லை. மண்வெட்டியைச் சாத்திவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் குந்தினார். "என்னட்டையும் ஆறு வருஷம் இதைத்தான் கேட்டவங்கள்."

பதினைந்து நிமிடம் போனது. மருந்துக்காரர் கையுறையை மாட்டினார். அப்போது தண்ணீரில் 'தொபுக்' என்று ஒரு சத்தம். மண்ணிறத் தலை ஒன்று நீந்தி வந்து கரையேறியது. முதுகின் மேல்மயிர் நனைந்து ஈர்க்கு ஈர்க்காக நிற்க, உள்ளே பஞ்சு போன்ற ரோமம் காய்ந்தே இருந்தது. ஒரு புல்லை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தது. வால் மட்டும் தண்ணீருக்குள்.

"திரும்படா," என்றார் அண்ணை, மூச்சுக்குள்.

அடுத்த புல்லை எட்ட அது திரும்பியது. வால் முழுக்க மெல்லிய மயிர், அதில் நீர்முத்துகள்.

மருந்துக்காரர் பெட்டியை மூடினார்.

"லீக்ஸ் போச்சே, தம்பி."

"போகட்டும் அண்ணை."

வீட்டுக்கு வந்து இரண்டாவது மெயில் எழுதினேன். 'வோல்' என்பதற்கு என்ன எழுத்து என்று மகளிடம் இரண்டு தரம் கேட்டேன்.