டிரைவர் சுடலைமுத்து கட்டாத பெல்ட்

சுடலைமுத்து அண்ணன் போய்விட்ட செய்தி அஞ்சலட்டையில் என் கைக்கு வந்தபோது, அவரை அடக்கம் செய்து ஐந்து நாள் ஆகியிருந்தது. வண்டிப்பெரியாரில் நான் இப்போது நர்ஸாக இருக்கும் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் அன்று குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள். வெளியே தாய்மார் வரிசையாக நின்றார்கள். அட்டையைப் படித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மிச்ச ஊசிகளையும் போட்டு முடித்தேன். ஒரு ஊசியும் தவறவில்லை. அது எனக்கே பிடிக்கவில்லை.

எழுதியவர் தங்கையா. சூரியநெல்லித் தோட்டத்தில் அண்ணனுக்குப் பிறகு டிரைவராக வந்தவர். "ஃபேக்டரியிலேயே நெஞ்சுவலி வந்து முடிஞ்சுட்டுது. பெரிய கூட்டம் இல்லை. வராதவங்கதான் அதிகம்" என்று எழுதியிருந்தார். வராதவர்கள் ஏன் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். பேச்சியம்மாளின் மகள் மாரி செத்தது அவருடைய கவனக்குறைவால்தான் என்று தோட்டம் முழுக்க நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு. அவரை அறிந்த தோட்டத்துக்காரர்களாகிய உங்களிடம் அதைச் சொல்லவே இதை எழுத உட்கார்ந்தேன். அவரைப் புகழ்வது மட்டும்தான் வேலை என்றால் என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

நான் சூரியநெல்லிக்கு வேலைக்குப் போன சமயம், வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு தன் நாட்டுக்குத் திரும்பிவிட்டார். அவர் விட்டுப்போன அம்பாசடர் காரைப் புது மேனேஜர் டிஸ்பென்சரிக்குக் கொடுத்தார். பங்களாவின் சாமான் அறையில் துரையின் குழந்தைக்காகக் கப்பலில் வந்த ஒரு சிறு இருக்கையும், அதைக் காரோடு பிணைக்கும் பெல்ட்டும் கிடந்தன. நம்மூர்க் கார்களில் பெல்ட் ஏது? அண்ணன் பின்சீட்டுக்கு அடியில் தரைத் தகட்டைத் துளைத்து, கீழே கனத்த இரும்புப் பட்டை கொடுத்து, போல்ட் போட்டுப் பெல்ட்டை முடுக்கினார். "வெறுந் தகட்டுல மாட்டினா ஒரு இழுப்புல பிடுங்கிட்டு வந்துரும் நர்சம்மா" என்றார்.

இருக்கையை அவர் பூட்டுவதைப் பார்க்க வேண்டும். பெல்ட்டை இருக்கையின் முதுகுச் சட்டத்துக்குள் முறுக்கில்லாமல் நுழைத்து எடுப்பார். ஒரு முழங்காலை இருக்கைக்குள் ஊன்றி, உடம்புப் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டுக்கொண்டு பெல்ட்டை இழுத்துப் பூட்டுவார். பிறகு அடிப்பக்கத்தைப் பிடித்து ஆட்டுவார். ஒரு விரற்கடைக்கு மேல் அசைந்தால் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். எனக்குப் பொறுமை போய்விடும். "பெல்ட்டைத் தடவிப் பாத்து என்ன தெரியும்? சீட்டை ஆட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்பார்.

பூட்டியாகிவிட்டது, ஆனால் குழந்தையை உட்கார வைக்க ஒரு தாயும் சம்மதிக்கவில்லை. காரணம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் சனங்களில் இறந்தவரைத்தான் நாற்காலியில் உட்கார வைத்துத் துணியால் கட்டுவோம். "உசுரோட இருக்க பிள்ளைய நாற்காலியில வச்சுக் கட்டச் சொல்லுதீரே, நாக்கு அழுகிப் போகாதா?" என்று ஒரு கிழவி அவரைக் கேட்டாள். அண்ணன் கோபப்படவில்லை. "செத்தவுகள சரிஞ்சு விழாம இருக்கக் கட்டுதோம். உசுரோட இருக்கதை விழாம காப்பாத்தக் கட்டினா மட்டும் குத்தமா ஆத்தா?" என்றார். கிழவி முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் ஒரு வேடிக்கை காட்டினார். தோட்டத்துக் காவல்காரர் நல்ல தேகக்கட்டு உள்ளவர். அவரைப் பின்சீட்டில் உட்கார வைத்து, மடியில் குழந்தை கனத்துக்கு ஒரு பூசணிக்காயை வைத்து, இரண்டு கையாலும் இறுக்கி அணைத்துக்கொள்ளச் சொன்னார். காரை மெதுவாகத்தான் ஓட்டினார், சட்டென்று பிரேக் போட்டார். காய் முன்சீட்டில் மோதிப் பிளந்து, காவல்காரரின் சட்டை முழுக்க விதை. எல்லோரும் சிரித்தார்கள். பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கொழுந்து எடுக்கிறவள், அப்போது மாரி கைக்குழந்தை. "மடி பிள்ளைக்குத்தான், மலை வளைவுக்கு இல்ல தாயி" என்று அண்ணன் அவளிடம் சொன்னார். முதன்முதலில் அந்த இருக்கையில் உட்கார்ந்த தோட்டத்துப் பிள்ளை மாரிதான்.

அவர் என்னிடம் ஓயாமல் சொன்னது ஒன்று உண்டு. குளிருக்குக் குழந்தையைக் கம்பளியில் சுற்றி, அதன் மேலேயே இருக்கையிலுள்ள, பிள்ளையைப் பிடித்து நிறுத்தும் தோள்வாரைப் போட்டுவிடக்கூடாது. "கம்பளி அமுங்கிரும் நர்சம்மா. நமக்கு இறுக்கமாத் தெரியும், உள்ள பிள்ளை தொளதொளன்னு இருக்கும். முதல்ல வாரை மாட்டுங்க, கம்பளிய மேல போத்துங்க." நூறு தடவை கேட்டிருப்பேன். கேட்டுக் கேட்டு எரிச்சல்கூடப் பட்டிருக்கிறேன். படித்தவள் என்ற திமிர் எனக்கு அப்போது கொஞ்சம் அதிகம்.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம், ஆடி மாதச் சாரல். மாரிக்கு இரண்டு வயது. சளி நெஞ்சில் கட்டி, மூச்சுக்கு விலா எலும்பு உள்வாங்கிக்கொண்டிருந்தது. மலைமெட்டு இறங்கிக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். பேச்சியம்மாள் மாற்றுத்துணி எடுக்க லயத்துக்கு ஓடினாள். அண்ணன் வண்டி எடுக்க ஆபீசில் அனுமதிச் சீட்டு வாங்கப் போயிருந்தார். குழந்தை வெடவெடவென்று நடுங்கியது. நான் அதைக் கம்பளியில் சுற்றி, இருக்கையில் வைத்து, கம்பளிக்கு மேலேயே வாரை மாட்டினேன். இழுத்துப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது.

அண்ணன் வந்ததும் வழக்கம்போலக் குனிந்து உள்ளே கையை விட்டார். "நான் கட்டிட்டேன். எனக்குத் தெரியாதா? பிள்ளை திணறுது, முதல்ல வண்டிய எடுங்க" என்று சீறினேன். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். அந்த நேரத்தில்தான் பேச்சியம்மாள் துணி மூட்டையோடு வந்து சேர்ந்தாள். அவள் கண்ணில் பட்டது குழந்தையின் வாருக்குள் இருந்த அண்ணனின் கை. அவர் கையை எடுத்துக்கொண்டு போய் வண்டியைக் கிளப்பினார்.

பாதி இறக்கத்தில் ஒரு விறகு லாரி வளைவை அடைத்துக்கொண்டு ஏறி வந்தது. அண்ணன் மலைப்பக்கம் ஒடித்துப் பிரேக் போட்டார். கார் வாய்க்காலில் முட்டி நின்றது. பள்ளத்தில் போகவில்லை, அதற்கே அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். எனக்கும் பேச்சியம்மாளுக்கும் சிராய்ப்புதான். சிறு இருக்கை பூட்டிய இடத்திலேயே அசையாமல் இருந்தது. மாரி கம்பளிக்குள்ளிருந்து வழுக்கி வாருக்கு வெளியே போய், முன்சீட்டின் இரும்பில் தலை மோதியிருந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

மறுநாள் மேனேஜர் விசாரித்தார். வாசலில் தோட்டமே நின்றது. அந்தச் சனியன் பிடித்த நாற்காலியைக் கொளுத்து என்று ஒரு சத்தம். அண்ணன் முன்னே வந்து, "சீட்டு மேல குத்தமில்ல அய்யா. கம்பளியோட சேத்துக் கட்டிட்டேன். என் கைத் தப்பு" என்றார். நான் அவருக்கு இரண்டடி பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவரை வண்டியிலிருந்து எடுத்து, ஃபேக்டரி அடுப்புக்கு விறகு அடுக்கப் போட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து, கையில் ஏறிய விறகுச் சிலாம்பை எடுக்க டிஸ்பென்சரிக்கு வந்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அழுதேன். "நீங்க செஞ்சதுன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒரு தாய் ஊசி போட வருவாளா? சீட்டு மேல பழி விழுந்தா எந்தப் பிள்ளையாவது அதுல உக்காருமா? டிரைவர் வேற ஆள் கிடைப்பான். போங்க, அடுத்த ஆளைப் பாருங்க." அவர் சொன்ன நியாயம் பெரியது. அது எனக்கு வசதியாகவும் இருந்தது, அதனால் பிடித்துக்கொண்டேன். அடுத்த வருஷமே மாற்றல் கேட்டு வண்டிப்பெரியாருக்கு வந்துவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சூரியநெல்லி போனேன். அந்த இருக்கை இன்னும் ஓடுகிறது. போன மழையில் கார் சறுக்கிக் கல்லில் மோதியும் அதிலிருந்த குழந்தைக்கு ஒரு கீறல் இல்லையாம். இப்போது தாய்மாரே கேட்டு உட்கார வைக்கிறார்களாம். தங்கையா கம்பளியை மேலேதான் போர்த்துகிறார். யார் சொல்லிக் கொடுத்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

காரியத்துக்குப் பேச்சியம்மாள் வரவில்லை. அவள் லயத்துக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவரு கை உள்ள இருந்துச்சே. நான் பாத்தேனே."

"சரியா இருக்கான்னு பாக்க வந்த கை அது. நான்தான் எடுக்க வச்சேன்."

"போன பொங்கலுக்கு இந்த வாசல்ல வந்து நின்னாரு" என்றாள். "எம் மூத்த மகனுக்குன்னு ஒரு கரும்பு கொண்டாந்தாரு. நாய வெரட்டுத மாதிரி வெரட்டினேன். ஒரு வார்த்தை சொல்லல அந்த மனுசன்." பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "எங்கிட்டச் சொல்லிட்டீங்க. தோட்டத்துக்கு யாரு சொல்லுவா?"

நான் சொல்கிறேன். சூரியநெல்லிக்காரர்களே, அண்ணனுடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவர் நினைவாக நான் வைத்துக்கொள்வது அவர் பெயரின் மேல் கிடந்த பழியை. அது முதலிலிருந்தே என்னுடையது. மாரிக்கு அன்று பெல்ட் கட்டியது நான். இத்தனை வருஷமாக அவரைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். இனி என்னைக் கண்டு திருப்பிக்கொள்ளுங்கள்.