ஏசி ரூம் வரிசை

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அடுத்த மேசையில் ஒரு பெண் புரோகிராம் எழுதினாள். வேலை நிரந்தரமானால் கல்யாணத்தை இரண்டு வருஷம் தள்ளிவைப்பதாக, வாத்தியாரான அவளுடைய அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். பழனி லாட்ஜ் ஒன்றுக்கு அவள் ஜாவா மொழியில் எழுதும் புரோகிராம் ஒழுங்காக ஓடினால் நிரந்தரம் என்று எங்கள் முதலாளி சொல்லியிருந்தார்.

என்னை அக்கா என்று கூப்பிட்டாலும் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. ஏசி ரூமும் ஒரு ரூம்தானே? அதனால் ரூம்களை வகைவாரியாக வரிசைகளில் அடுக்கி, எந்த ரூம் வரிசையையும் வாங்கிக்கொள்ளும் ஒரே ஸ்கிரீனை எழுதி, ஏசி ரூம் வரிசையையும் அதனிடமே கொடுத்தாள். எழுதியதில் தப்புப் பிடிக்கும் கம்பைலர் மூச்சு விடவில்லை. நானும் பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்றேன்.

தைப்பூசக் கூட்டத்தில் லாட்ஜ்காரர் வழக்கம்போலச் சாதாரண ரூம் ஒன்றில் வாடகைக்கு எடுத்த ஏர்கூலரை வைத்து, அதை ஏசி ரூம்களோடு சேர்த்தார். ஸ்கிரீனுக்கு அந்த ஏசி வரிசையும் வெறும் ரூம் வரிசை, சேர்க்கப் போனது. வரிசையோ தான் ஏசி ரூம்களுக்கு மட்டும் என்பதை மறக்கவில்லை. புரோகிராம் அப்படியே விழுந்தது. கவுண்டரில் காவடிகளோடு ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க, அது கூலர் ரூமுன்னு மிசினுக்கு யாருங்க சொன்னது?" என்று லாட்ஜ்காரர் போனில் கேட்டார். அந்த வேடிக்கையை ரசிக்கும் நிலையில் நாங்கள் இல்லை.

"கம்பைலரே ஒத்துக்கிட்டப்புறம் ஜாவா மேல பழி போட முடியுமா? நீதான் கவனமில்லாம எழுதிருக்க," என்றார் முதலாளி.

"எந்த வரி தப்புன்னு காட்டுங்க சார்," என்றாள்.

காட்ட எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அந்த மாதத்தோடு அவளை நிறுத்தினார்கள். ஈஸ்டர் முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம்.

சில வருஷம் கழித்துப் புதிய ஜாவா வந்தது. அதில் வரிசைக்குப் பதில் பட்டியல் வைத்து, பட்டியலுக்குள் என்ன வகை இருக்கும் என்று எழுதும்போதே சொல்லிவிடலாம். ஏசி ரூம் பட்டியலை ரூம் பட்டியலாகக் கொடுத்துப் பார்த்தேன். கம்பைலர் வாசலிலேயே மறித்துவிட்டது. பழைய வரிசைகளில் இருந்தது மொழியே விட்டுவைத்த ஓட்டை என்று அப்புறம்தான் படித்தேன். வெள்ளம் வடிந்தபின் போட்ட அணை. எனக்கு மனசு ஆறவேயில்லை.

கொடைரோடு ஸ்டேஷனில் ஒருநாள் அவளைப் பார்த்தேன். ரயில் வருவதற்குள் படித்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். அவள் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அப்பவே தெரிஞ்சிருந்தா எங்கப்பாகிட்டச் சொல்லிருப்பேன்க்கா," என்றாள். "மக தப்பா எழுதிட்டான்னு நெனச்சுக்கிட்டேதான் அவரு போய்ச் சேந்தாரு."